ஒரு மில்லிமீற்றர் மண்: திருகோணமலைக் குறிப்புகள்

புதன், இரவு

ஐப்பசி பாதியில் திருகோணமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் குறைவு. நிலாவெளிக் கடல் கலங்கத் தொடங்கிவிடும். பகலில் வெயில் கொளுத்திவிட்டு மாலையில் இடி இடிக்கும். எனக்கு இதுதான் தோதான காலம். உழுத காணியில் முதல் மழை விழும்போது மண் என்ன பாடு படுகிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

அழைத்தவர் மண்ணியல் படித்த நண்பர், இந்த ஊர்க்காரர். பெயரைப் போட வேண்டாம் என்றதால் நண்பர் என்றே எழுதுகிறேன். பன்குளத்துக்கு அப்பால் அவருடைய சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டுநிலம் இருக்கிறது. போன பெரும்போகத்துக்கு, அதாவது மாரி விதைப்புக்கு, முன் அங்கே இரும்புக் கம்பிகளை அடித்து வைத்திருந்தார். ஓராண்டு ஆகிவிட்டது, இப்போது அவற்றை வாசிக்க வேண்டும். "கை உதவிக்கு ஒருவர் வேண்டும். எழுதுகிறவர் என்றால் கணக்கையும் உங்களிடமே தந்துவிடலாம்" என்றார்.

வவுனியாவில் பஸ் மாறி ஹொரவப்பொத்தானை வழியாக வந்தேன். வீதியின் இரு பக்கமும் காடு, நடுநடுவே உழுது போட்ட செம்மண் காணிகள். கவனித்துக்கொண்டே வந்ததில் ஒன்று உறைத்தது: கண்ணில் பட்ட சரிவான காணிகளில் பெரும்பாலானவற்றில் உழவுச் சால்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே நேராக இறங்கின. பக்கத்து இருக்கையில் இருந்தவர் முதலிக்குளத்துக்காரர். அவரிடம் கேட்டேன். "ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித்தான் உழவு இயந்திரக்காரர் வருகிறார், தம்பி. காணி நீளவாக்கில் சரிந்து கிடக்கிறது. குறுக்கே உழுதால் அடிக்கடி திருப்ப வேண்டும். டீசலுக்கு யார் காசு கொடுப்பது?" என்றார். மண்ணரிப்பைப் பற்றிய பாடநூல்கள் சரிவுக்குக் குறுக்கே உழு என்று முதல் பக்கத்திலேயே சொல்கின்றன. திருப்பத்துக்குச் செலவாகும் டீசலைப் பற்றி எதிலும் படித்த நினைவில்லை.

வியாழன்

காலையில் நண்பரின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். கன்னியா வழியில்தான் இருக்கிறது. வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் இராவணனைப் பற்றியும் எழுதாத பயணக் கட்டுரை கிடையாது என்பதால் நான் எழுதவில்லை. ஏழு கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இல்லை என்பதை மட்டும் கையை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

சித்தப்பாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நானும் அவரைச் சித்தப்பா என்றே கூப்பிட்டுவிட்டேன். யுத்தத்தில் குடும்பம் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் காணி காடேறிக் கிடந்தது. திரும்பி வந்து வெட்டித் துப்புரவாக்கியபோது மேல்மண் கறுப்பாக, கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும்படி இருந்ததாம். "முதல் இரண்டு போகம் சோளம் போட்டேன். பசளை போடாமலே ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இப்போது மூட்டைக் கணக்கில் போட்டாலும் அந்தப் பச்சை வரவில்லை" என்றார். யாரும் உழாமல் விட்ட காலத்தில் இலையும் வேரும் சேர்த்து வைத்த மண் அது. மனிதர்கள் பட்ட துன்பத்தில் மண்ணுக்கு மட்டும் ஓய்வு கிடைத்தது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

காணியின் மேல் மூலை இப்போது வெளிறிய சிவப்பு. அங்கங்கே வெள்ளைப் பருக்கைக் கற்கள். உலர்வலயத்தின் செங்கபில மண்ணுக்கு அடியில் இந்தக் கல் அடுக்கு இருப்பது வழக்கம், அது மேலே தெரிகிறது என்றால் மேலே இருந்தது போய்விட்டது. நண்பர் குந்தி உட்கார்ந்து ஒரு கூழாங்கல்லைக் காட்டினார். அது தரையில் கிடக்கவில்லை, விரல் நகத்தளவு உயரமுள்ள ஒரு மண் தூணின் மேல் நின்றது. சுற்றியிருந்த மண்ணை மழைத்துளிகள் பெயர்த்துக்கொண்டு போக, கல்லுக்கு அடியில் இருந்தது மட்டும் கல்லின் தயவில் தப்பியிருக்கிறது. உழவுக்குப் பிறகு இரண்டு மழைதான் விழுந்ததாம். "தூணின் உயரம்தான் இந்த இடத்தில் போன மண். கருவியே தேவையில்லை" என்றார்.

கம்பிகளுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. தலை தரைமட்டத்துக்கு இருக்கும்படி அடித்து, கழுத்தில் தளர்வாக ஒரு வோஷர் போட்டிருக்கிறார்கள். மண் கரையக் கரைய வோஷர் கீழே இறங்கும். பிறகு மேலிருந்து மண் வந்து படிந்தால் வோஷரை மூடிவிடும். ஆகவே இரண்டு அளவு எடுக்க வேண்டும்: தலையிலிருந்து இன்றைய தரைக்கு ஒன்று, தோண்டிப் பார்த்து வோஷருக்கு ஒன்று. முதலாவது மிச்சக் கணக்கு, இரண்டாவது அந்த இடம் எவ்வளவு ஆழம் வரை போய் வந்தது என்பது. உழுகிற காணியில் கம்பி நிலைக்காது என்பதால், கம்பி வரிசைகளில் மட்டும் உழவு இயந்திரம் படாமல் மண்வெட்டியால் கொத்தியிருந்தார்கள். அதையும் மீறிச் சிலவற்றைக் கட்டாக்காலி மாடுகள் மிதித்துச் சாய்த்துவிட்டன. சாய்ந்த கம்பியின் கணக்கைச் சேர்க்கக் கூடாது என்பது நண்பரின் விதி.

மேல் வரிசையில் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கீழ் வேலிக்கு அருகில் தலைகளையே காணவில்லை, தோண்டித்தான் எடுத்தோம். சித்தப்பா சிரித்தார். "பார்த்தீர்களா தம்பி? மேலே போனது கீழே இருக்கிறது. மேலேயும் என் காணி, கீழேயும் என் காணி. மண் எங்கே போய்விட்டது என்று இவன் இந்த ஆட்டம் ஆடுகிறான்?"

நல்ல கேள்விதான். நண்பர் பதில் சொல்லாமல் வேலியோரம் படிந்திருந்ததில் ஒரு பிடி அள்ளி அவர் கையில் வைத்தார். மணல். நரநரவென்ற வெளிர் மணல். வேலிக்கு அப்பால் வாய்க்காலில் தேங்கியிருந்த நீரை ஒரு போத்தலில் மொண்டு வந்து திண்ணையில் வைத்தோம். மாலை வரை தேநீர் நிறத்திலேயே நின்றது, தெளியவில்லை. மணல் கனமானது, நான்கு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிடும். களிமண்ணும் மக்கிப்போன இலைதழையும் இலேசானவை, தண்ணீரோடு வெகுதூரம் போகும். பசளையையும் ஈரத்தையும் பிடித்து வைப்பவை அந்த இரண்டும்தான். கீழ் வேலியில் இருப்பது அவர் காணியின் மண்ணல்ல, சாறு போன சக்கை. சித்தப்பா மணலைக் கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கீழே கொட்டவுமில்லை.

வெள்ளி

இன்று முழுவதும் அளவை. வெயிலில் மண்டை காய்ந்தது.

முதலில் போன மழை வெட்டிய ஓடைகள். உழவுச் சால் வழியே இறங்கிய நீர் சிறு சிறு ஓடைகளாக வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஓர் ஓடையைப் பிடித்து, சில எட்டுக்கு ஒரு தடவை அதன் அகலமும் ஆழமும் எடுத்தோம். சராசரி அகலம் 12 சென்ரிமீற்றர், ஆழம் 6, குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணம், நீளம் 30 மீற்றர். பெருக்கினால் ஒரு கன மீற்றரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், நிறையில் ஏறக்குறைய 150 கிலோ. ஓர் ஓடைக்கு மட்டும் மூன்று சீமெந்து மூட்டை. சித்தப்பா அடுத்த ஓடையைத் தானே அளக்க வந்தார்.

இந்தக் கணக்கைவிட எனக்கு உறைத்தது வேறு. ஓடை கண்ணுக்குத் தெரியும், பயமுறுத்தும். ஆனால் ஓடைகளுக்கு இடைப்பட்ட பரப்பிலிருந்து ஒரு தாள் கனத்துக்கு மண் உரிந்து போவதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கன மீற்றர், அதாவது 5 தொன்னுக்கு மேல். வீடு கட்டிய எல்லோருக்கும் தெரிந்த அளவில் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி). யாராவது டிப்பரைக் கொண்டுவந்து நம் காணியிலிருந்து ஒன்றரைக் கியூப் மண்ணை அள்ளினால் பொலிசுக்குப் போவோம். மழை அள்ளினால் தெரிவதே இல்லை, உழுதால் மறைந்துவிடுகிறது. இயற்கை ஒரு மில்லிமீற்றர் மண்ணை உருவாக்கப் பல ஆண்டுகள் எடுக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடுநீர்க் கட்டம். காணியின் ஒரு துண்டைத் தகரத்தால் மூன்று பக்கமும் அடைத்து, கீழ்ப் பக்கம் பீலி வைத்து, பீலியை ஒரு பிளாஸ்டிக் பரலுக்குள் விட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டில் விழும் மழையும் கரையும் மண்ணும் பரலுக்குள் வந்தாக வேண்டும். பழைய அமெரிக்க அளவுப்படி இத்தகைய கட்டம் 72.6 அடி நீளம், 6 அடி அகலம். ஏன் இந்த விசித்திர எண் என்று கேட்டேன். பெருக்கிப் பார்க்கச் சொன்னார். 435.6 சதுர அடி, ஒரு ஏக்கரில் சரியாக நூறில் ஒரு பங்கு. பரலில் கிடைத்ததை நூறால் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு வந்துவிடும். கணிப்பொறி இல்லாத காலத்து ஆய்வாளர்கள் தங்கள் தலைவலியைக் குறைத்துக்கொண்ட விதம். எனக்கு இத்தகைய தந்திரங்கள் பிடிக்கும்.

இப்படிப் பல்லாண்டுகள் பல இடங்களில் திரட்டிய அளவுகளிலிருந்துதான் விஷ்மயர், சிமித் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மண்ணிழப்புச் சமன்பாட்டை உருவாக்கினார்கள். 1965இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் அதைக் கைநூலாக வெளியிட்டது, 1978இல் திருத்திய பதிப்பு வந்தது. மழை மண்ணை அரிக்கும் வலு, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், மூடியிருக்கும் பயிர், காப்பு வேலை என்று சில எண்களைப் பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை தொன் போகும் என்று மதிப்பிடலாம். கூட்டல் அல்ல, பெருக்கல். அதனால் ஏதாவது ஓர் எண்ணைப் பூச்சியத்துக்கு அருகே கொண்டுபோனால் மொத்தமும் சரிந்துவிடும். மழையை நாம் மாற்ற முடியாது. மண்ணின் தன்மை மெல்லத்தான் மாறும். சரிவின் நடுவே வரம்பு போட்டு நீளத்தைப் பாதியாக்கினால் இந்த மாதிரிச் சரிவில் இழப்பு ஏறத்தாழ பத்தில் ஏழாகக் குறையும். ஆனால் நிலத்தின் மூன்றிலொரு பங்கை வைக்கோலோ சோளத் தட்டையோ மூடியிருந்தாலே இழப்பு பாதிக்கும் கீழே போய்விடும்.

இதை இரவில் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். மண் காப்பு என்றதும் நம் ஊர்களில் எல்லோரும் வரம்பைத்தான் நினைக்கிறோம். 1951இலேயே நாட்டில் மண் காப்புக்குச் சட்டம் வந்துவிட்டது. அன்று முதல் சுவரொட்டியில் வருவதும் கல் வரம்பு, படத்தில் வருவதும் கல் வரம்பு. வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரம்பு கரைந்த மண்ணைத்தான் பிடிக்கிறது. கரையாமல் காப்பது நிலத்தின் மேல் கிடக்கும் குப்பை. அந்தக் குப்பையைத்தான் ஆவணி, புரட்டாதியில் நெருப்பு வைத்துக் கொளுத்திவிட்டு, மாரி மழையின் எதிரே காணியை வெறும் உடம்போடு நிறுத்துகிறோம்.

சனி

பகல் இரண்டு மணிக்குக் கிழக்கே கறுத்தது. நண்பர் பதறி எழுந்து பரலின் மூடியைச் சரிபார்த்தார். சித்தி, முற்றத்தில் காயப் போட்டிருந்த மிளகாயை அள்ளிக்கொண்டு ஓடினார். நான் பழைய குடையோடு காணிக்கு நடுவே போய் நின்றேன். இடி இடிக்கிறது, உள்ளே வாருங்கள் என்று சித்தப்பா சத்தம் போட்ட பிறகுதான் கொட்டிலுக்குள் ஒதுங்கினேன். அங்கிருந்தும் தெளிவாகத் தெரிந்தது.

முதல் துளிகள் பெரியவை. உழுத மண்ணில் ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் ஒரு குழி, சுற்றிலும் மண் தெறிப்பு. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீற்றர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. கொட்டிலின் வெள்ளைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை செம்புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. ஐந்து நிமிடம்தான் அப்படி. பிறகு மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கியது: தெறித்த நுண்மண் துளைகளை அடைத்துவிட்டது. நீர் உள்ளே இறங்க வழி இல்லை. ஆகவே நகரத் தொடங்கியது, சால் வழியே, நேராகக் கீழே. அதுவரை மழை பெய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா, "ஓடுகிறது" என்றார்.

காணியின் ஒரு கரையில், போன போகத்துக் கச்சான் கொடியையும் புல்லையும் வாரிக் குவிக்காமல் பரப்பி விட்ட இடம் ஒன்று இருந்தது. வேலை முடியாமல் விட்டதுதான், திட்டம் ஒன்றுமில்லை. அங்கே மழை விழும் சத்தமே வேறு. தெறிப்பு இல்லை. நீர் குப்பைக்குள் போய் மறைந்தது. வெகு நேரம் கழித்து அதன் கீழ் விளிம்பில் நீர் கசிந்தபோது அது கலங்கல்தான், ஆனால் செந்நிறக் குழம்பு அல்ல.

நண்பர் அப்போது சொன்ன பரிசோதனையை நான் முன்பு கேள்விப்பட்டதில்லை. 1950களில், அன்று தென் ரொடீசியா எனப்பட்ட சிம்பாப்வேயில், நோர்மன் ஹட்சன் என்ற ஆய்வாளர் பயிரில்லாத இரண்டு வெறும் கட்டங்களை அருகருகே அமைத்தார். ஒன்று அப்படியே வெட்டவெளியில். மற்றதன் மேல் நுளம்பு வலைக் கம்பியைத் தரைக்கு மேலே கட்டிவிட்டார். அதே மழை, அதே சரிவு, அதே மண், இரண்டிலும் அதே அளவு நீர் விழுகிறது. வலை செய்ததெல்லாம் பெருந்துளியைச் சிறு தூறலாக உடைத்துவிட்டதுதான். ஆண்டுகள் தொடர்ந்த அளவையில், வலை போட்ட கட்டத்தைவிட வெறும் கட்டத்தில் நூறு மடங்குக்கு மேல் மண் போயிற்று. ஓடும் தண்ணீர்தான் மண்ணைத் திருடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சுமந்து போகும் வண்டி. அடித்துப் பெயர்ப்பது துளி.

நான்கு மணிக்கு மழை விட்டது. பரலில் முக்கால் வாசி. கீழ் வேலியில் புது மணல்.

ஞாயிறு

வேலை குறைவு. காலையில் பரலின் நீரை நன்றாகக் கலக்கி, கலக்கிய சூட்டோடு ஒரு லீற்றர் மாதிரி எடுத்தோம். கலக்காமல் மேலிருந்து எடுத்தால் மண் குறைவாகக் காட்டும், அடியிலிருந்து எடுத்தால் கூடுதலாக. பரலின் அடியில் படிந்த மணலைத் தனியாக வாரி நிறுத்தோம். மாதிரியைத் தெளிய வைத்து, வடித்து, ஆய்வுகூடத்தில் என்றால் 105 பாகையில் அடுப்பில் உலர்த்துவார்கள். எங்களுக்கு வாய்த்தது சித்தியின் தாச்சி. கறிச் சட்டியில் சேற்றை வறுக்கிறார்கள் என்று அயல் வீட்டு அக்காவிடம் சித்தி புகார் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு அவரே அகப்பை எடுத்து வந்து, கருகாமல் கிளறுவது எப்படி என்று காட்டினார்.

மாலையில் நகரத்துக்குப் போய்க் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். சுவாமி மலை உச்சியில் காற்று பலம்.

திங்கள்

நண்பருக்குக் கந்தளாயில் ஒரு வேலை. நானும் ஏறிக்கொண்டேன்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் இரண்டாம் அக்கிரபோதி மன்னர் என்பது வரலாற்று நூல்களின் வழக்கு. குளக்கோட்டன் என்பது தமிழர் வழக்கு. அணைக்கட்டில் நிற்கும் எவருக்கும் 1986 ஏப்ரல் 20 நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று விடியற்காலம் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஊரில் வயதானவர்கள் இன்றும் அதை முன்பு, பின்பு என்று காலம் பிரிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

எங்கள் பேச்சு பெரிய குளத்தைவிட்டுச் சின்னக் குளங்களுக்குப் போனது. பன்குளம், முதலிக்குளம், குமரன்கடவைப் பக்கமெல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிறு குளங்கள் கிடக்கின்றன. மேல் குளத்தில் மிஞ்சி வழியும் நீர் கீழ்க் குளத்துக்கு. அவற்றின் தலைப்பில், அதாவது நீர் வந்து சேரும் மேல் முனையில், பழையவர்கள் ஒரு மரச் சோலையை விட்டார்கள், அதற்குக் கீழே நீர் நுழையும் வாயில் கோரையும் புல்லும் அடர்ந்த ஒரு பட்டி. சிங்களக் கிராமங்களில் அந்தப் புல் பட்டிக்குப் பெரஹன என்று பெயர், வடிகட்டி என்றே பொருள். அருகே இஸ்வெட்டிய என்ற மண் மேடு, சரிவில் வரும் வண்டலைக் குளத்துக்குள் விடாமல் தடுக்க. இந்தக் குளத் தொடர் முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது சரி. வழியில் நாங்கள் நின்ற ஒரு குளத்தின் தலைப்பில் சோலை இருந்த இடம் சோளக் காணி, புல் பட்டி இருந்த இடத்தில் உழவுச் சால் நேரே தண்ணீருக்குள் இறங்கியது. அந்தக் குளத்தைத் தூர்வார நிதி கேட்டு விண்ணப்பம் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். நண்பர் சிரித்தார், எழுதியிருக்கிறார்களாம். தூர்வாரலாம், வார வேண்டும். மேலே சால் இப்படியே இறங்கினால் அடுத்த விண்ணப்பத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது கிண்ணியா வழியாகச் சுற்றி மூதூர் வீதியில் மகாவலிப் பாலம் வரை போனோம். நாட்டின் மிக நீண்ட ஆறு, 335 கிலோமீற்றர் ஓடி இந்தக் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. நீர் பழுப்பு. மேலே மலைநாட்டில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் புகையிலையும் போட்ட சரிவுகளின் மண்ணும் அதில் சேர்ந்திருக்கும். காப்பு எதுவும் செய்யாத புகையிலைக் காணியில் ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 70 தொன் அளவில் அளந்திருக்கிறார்கள். அதே மலைநாட்டில், பலாவும் மிளகும் கமுகும் கலந்து நிற்கும் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தொன்னில் சிறு பின்னம்தான். மழை கூடுதலாகப் பெய்யும் இடம், சரிவு செங்குத்து, இருந்தும் மண் அசைவதில்லை. மண் அவ்வளவும் கடலுக்கு வந்து சேர்வதுமில்லை. பொல்கொல்ல முதல் ரந்தம்பை வரை நடுவில் உள்ள நீர்த்தேக்கங்களில் பெரும் பங்கு தங்கிவிடுகிறது, அவற்றின் கொள்ளளவைத் தின்றபடி.

பாலத்தில் டிப்பர் வரிசை. ஆற்று மணல்.

செவ்வாய்

கணக்கு முடிந்தது. சனிக்கிழமை மழையில் தகரக் கட்டத்திலிருந்து போனதைத் தாளில் எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்தோம், கியூப் கணக்கில். தொன் என்று சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார் என்பது என் எண்ணம். கியூப் என்றதும் விலை போட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் உண்மையான பேச்சு. நண்பர் கேட்டவை மூன்று: சோளத் தட்டையை எரிக்கக் கூடாது, சமவுயரக் கோட்டில் (ஒரே மட்டத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) வெட்டிவேரும் சீமைக்கிளுவையும் நட வேண்டும், உழவை அந்தக் கோட்டுக்கு இணையாகத் திருப்ப வேண்டும். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் எதிர்க் கேள்வி வைத்திருந்தார், எதுவும் அசட்டுக் கேள்வி அல்ல. தட்டையை விட்டால் கறையான் வரும், பாம்பு ஒதுங்கும், விதைக்கிற கருவி சிக்கும். வேலி போடாமல் சீமைக்கிளுவை நட்டால் கட்டாக்காலி மாட்டுக்கு விருந்து. உழவு இயந்திரக்காரர் திருப்பத்துக்குக் கூடுதல் கேட்பார். கறையானைப் பற்றி நண்பர், அது காய்ந்த தட்டையைத்தான் முதலில் தின்னும் என்றார். பாம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கோடு போட்டுப் பார்ப்பதில் மட்டும் தகராறு இல்லை. உச்சியில் சேர்த்துக் கட்டிய ஆறடிக் கம்பு இரண்டு, குறுக்கே ஒரு சட்டம், உச்சியிலிருந்து கல் கட்டிய நூல். கால்களை ஓரிடத்தில் ஊன்றி நூல் நிற்கும் இடத்தைக் குறித்து, கால்களை மாற்றி ஊன்றி மறுபடி குறித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கீறல். நூல் அந்தக் கீறலில் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். ஒரு காலை ஊன்றி மற்றதைச் சுழற்றிச் சுழற்றிக் காணிக்குக் குறுக்கே நடந்து, அடியெடுத்த இடமெல்லாம் முளை அடித்தோம். நேர்கோடாக வரும் என்று நான் எதிர்பார்த்தேன், அது வளைந்து நெளிந்து போனது. தட்டையாகத் தெரிந்த காணிக்குள் இரண்டு மேடும் ஒரு பள்ளமும் ஒளிந்திருந்தன. சித்தப்பா முளைகளைப் பார்த்து நின்றார். "இந்தப் பள்ளத்தில்தான் ஒவ்வொரு முறையும் பயிர் அழுகும். ஏன் என்று இதுவரை விளங்கவில்லை" என்றார்.

கடைசியில் அவர் போட்ட நிபந்தனை: மேல் பாதியில் கிடக்கும் தட்டையைக் கொளுத்தாமல் பரப்பி விடுவார், அங்கே இனி உழவு இல்லை, அலவாங்கால் குழி போட்டுச் சோளம் ஊன்றுவார். கீழ்ப் பாதியில் எப்போதும்போல. "எது நல்லது என்று பார்ப்போம். உன் பேச்சை நம்பி மூன்று ஏக்கரையும் தர முடியாது." நண்பரின் முகம் மலர்ந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாதி வேண்டும் என்று அவர் கேட்கவே தயங்கியிருந்தார். இரண்டு பாதிக்கும் சரிவு ஒன்றல்ல என்பது ஒரு சிக்கல், அதனால் நடுவே செங்குத்தாகப் பிரித்து இடப் பாதி, வலப் பாதி என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்குச் சித்தப்பா சம்மதிக்க அரை மணி நேரமும் இரண்டு தேநீரும் ஆயின.

சாய்ந்த கம்பிகளைப் பிடுங்கி, புதியவற்றை இரண்டு பாதியிலும் ஒரே எண்ணிக்கையில் அடித்தோம். மழைமானியைச் சித்தப்பாவின் மகள் பார்த்துக்கொள்வாள், பதினோராம் வகுப்பு. வானிலை நிலையங்களைப் போல ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு வாசிக்க வேண்டும் என்றார் நண்பர். ஏழரைக்குப் பள்ளிக்கூடம், சனி ஞாயிறில் மட்டும்தான் முடியும் என்றாள். மற்ற நாள்களுக்குச் சித்தி. அடுத்த வாசிப்பு தைப்பொங்கல் முடிந்து, பெரும்போகச் சோளம் முறித்த பிறகு. வோஷர் போதாமல் போயிற்று, நகரத்தில் வாங்கி அனுப்ப வேண்டும்.